ஒரு பெருந்தலைக் காசு

கெச்சியாவ் வந்த நாலாவது மாதம் 280 யுவான் ஏமாந்தேன். ஈரோட்டில் பிறந்து, சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது.

சீனாவின் ஷாவ்சிங் நகரத்தை ஒட்டிய கெச்சியாவ் முழுக்க முழுக்கத் துணி ஊர். மொத்த வியாபாரத்துக்கு வரும் இந்தியர்கள் ஏராளம். பருப்பு, கறிவேப்பிலைக்குக்கூடப் பஞ்சமில்லை. வீட்டுக்காரர் முன்னால் வந்துவிட்டார், நானும் ஆறு வயது மகனும் நவம்பரில் போய்ச் சேர்ந்தோம். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே வீடுகளுக்கு அரசு வெப்பக் குழாய் கிடையாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர், குல்லா. துவைத்த ஜீன்ஸ் காய நாலு நாள். பேசவும் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை கால்வாய் ஓரத்தில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்கள், அதைப் போய் வேடிக்கை பார்ப்பதுதான் ஒரே ஆறுதல்.

அங்கேதான் அந்த வெள்ளிக் காசைப் பார்த்தேன். கீரை விற்கிற பாட்டிகூடக் காசுக்குப் பதில் செல்போனில் பணம் செலுத்தும் வீசாட் க்யூஆர் கட்டத்தை நீட்டுகிற ஊர். நாலு மாதமாக என் கையில் ஒரு சில்லறை பட்டதில்லை. உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு கனமாக ஒரு காசு உட்கார்ந்ததும் புத்தி மழுங்கிவிட்டது. 800 சொன்னான், 280க்குக் கொடுத்தான். அவ்வளவு இறங்கி வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு பக்கம் மழித்த தலையும் மீசையுமாக யுவான் ஷிகாய். குடியரசுத் தலைவராக இருந்து, 1915 கடைசியில் தன்னையே பேரரசராக்கிக்கொண்டு, 1916 ஜூனில் செத்தும் போனவர். 1914இல் தொடங்கிய அவர் தலைக் காசு மட்டும் ஆள் போன பிறகும் அச்சாகிக்கொண்டிருந்தது. 1935இல் சீனா வெள்ளியைக் கைவிட்டுக் காகிதப் பணத்துக்கு மாறும்வரை ஊரெல்லாம் புழங்கியது. அந்தப் பருத்த தலையால் அதற்கு ‘யுவான் தாதோவ்’, அதாவது ‘யுவான் பெருந்தலை’ என்று பெயர்.

வீட்டுக்கு வந்ததும் சோதனை. துணிக்காரர் வீட்டில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் துணி) பார்க்கும் தராசு இல்லாமலா? வட்டமாக வெட்டிய துணித் துண்டை 0.01 கிராம் சுத்தமாக நிறுக்கிற தராசு. காசு 26.52 காட்டியது. நல்ல காசு 26.8 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். நூறு வருடத் தேய்மானம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஃப்ரிட்ஜ் காந்தம் ஒட்டவில்லை. அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை உலோகம் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது.

அடுத்தது தண்ணீர். டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்கிவிட்டு, தையல் நூலில் காசைக் கட்டி அடியில் தட்டாமல் முழுக்க மூழ்கவிட வேண்டும். அப்போது காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி என்றால் 2.6 கிராம் போல வரும். எடையை அதால் வகுத்தால் பத்தேகால், பத்தரைக்குள் நிற்கும். எனக்கு 3.04 வந்தது. வகுத்தால் 8.7. மூன்று முறை செய்தேன். “தராசு கெட்டுப்போச்சு போலிருக்கு,” என்றார் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

மறுநாள் லிஃப்டில் கீழ்வீட்டுத் தாத்தாவைப் பார்த்தேன். மகன் கூப்பிடுவதைப் பார்த்து நானும் ‘யேயே’ என்றுதான் கூப்பிடுவேன். என்னிடம் ஒரு யுவான் தாதோவ் இருக்கிறது, பார்த்துச் சொல்ல முடியுமா என்று தெரிந்த சீனத்தில் கேட்டேன். லிஃப்ட் அதிர்கிற மாதிரி சிரித்தார். சீனத்தில் ஒலியின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். கீழிருந்து ஏற்ற வேண்டிய ‘யுவா’வை நான் எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் பிடித்து நீட்டிவிட்டேனாம். அப்படிச் சொன்னால் காசைத் தொலைத்த ஏமாளி என்று பொருள். “என்னிடம் ஓர் ஏமாளி இருக்கிறார், பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைக்கு மேலே இருந்த எழுத்துகளை விரலால் எண்ணச் சொன்னார். வலமிருந்து இடமாக. எண்ணினேன்: ஏழு. அதில் ‘மூன்று’ என்ற எழுத்தை எனக்கே படிக்கத் தெரிந்தது. பாலர் பள்ளிக் கணக்கில் மகனோடு நானும் கற்றதுதான். “குடியரசின் மூன்றாம் வருடக் காசில், அதாவது 1914 காசில், ஆறு எழுத்துதான். எட்டு, ஒன்பது, பத்தாம் வருடக் காசில்தான் கடைசியில் ‘செய்தது’ என்று ஏழாவது எழுத்து வரும்,” என்றார். தராசு, தண்ணீர், வகுத்தல் எல்லாம் வீண். எழுத்தை எண்ணியிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

பிறகு உள்ளே போய்த் தன் அம்மாவின் சீதனக் காசு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். கன்னங்கரேலென்று இருந்தது. இரண்டு விரல் நகங்களால் நடுவில் பிடித்து, விளிம்பில் ‘ஃபூ’ என்று ஓங்கி ஊதி, சட்டென்று என் காதில் வைத்தார். கொசு தூரத்தில் போவதுபோல ‘ங்ங்’ என்று மெல்லிய நாதம், மூச்சு விடும் நேரம் நின்று அடங்கியது. எங்கள் அப்பிச்சி ரூபாயைக் கட்டைவிரலில் சுண்டிவிட்டுக் கேட்பார். 1940க்குப் பிறகு வெள்ளியைப் பாதியாகக் குறைத்த ரூபாய் அவர் காதுக்குப் பிடிக்காது. என்னுடையதையும் ஊதிப் பார்த்தோம். நாதமே இல்லை, என் எச்சில்தான் தெறித்தது. இதை மட்டும் நம்பிவிடாதே, இப்போது வெள்ளியிலேயே போலி செய்கிறார்கள், அதுவும் பாடும் என்றார் யேயே.

அவருடைய கரிந்த காசைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு சிட்டிகை விபூதி போட்டுத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமே! சைகையில் தேய்த்துக் காட்டினேன். காசைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் மதிக்க மாட்டார்கள், விலை பாதியாகிவிடும் என்றார்.

அது ஏன் கறுத்தது என்பது மார்ச்சில் தெரிந்தது. மகன் கால்வாய்ப் படியில் விழுந்து நெற்றி எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. சத்தம் கேட்டு யேயே மேலே வந்தார், கையில் தோலுரித்த சூடான முட்டை. மஞ்சள் கருவை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் சீதனக் காசை வைத்து, கைக்குட்டையில் முடிந்து, வீக்கத்தின் மேல் உருட்டினார். வீக்கம் அதனால் வடிந்ததா, தானாக வடிந்ததா என்று நான் கேட்கவில்லை. முட்டையிலிருக்கும் கந்தகம் ஏறி, முடிச்சை அவிழ்த்தபோது காசு நீலமும் கறுப்புமாக மாறியிருந்தது.

அன்றிலிருந்து மகனுக்கு மாடி முழுக்க ‘தாதோவ்’ என்று பெயர். யுவான் தாதோவ் யார் என்று அவன் கேட்டால் யேயே என் பக்கம் கையைக் காட்டுகிறார். எந்த ‘யுவா’ என்பது எனக்கு இப்போது காதில் நன்றாகவே விழுகிறது.