எப்போது போயிற்று?

நேற்று அதிகாலையில் எங்கள் அத்தை காலமாகிவிட்டார் என்று சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவே நம்பிவிட்டது. சாயங்காலம் அவர் தட்டுவடை செட் கேட்டார். இருக்கும் நான்கு பற்களை வைத்துக்கொண்டு அதைக் கடித்தும் காட்டினார்.

எல்லாம் பையனும் மாப்பிள்ளையும் செய்த வேலை. மாப்பிள்ளை கூகுள் கட்சி. பொங்கலுக்கு வந்தவர், வாயால் சொன்னால் விளக்கைப் போட்டு அணைக்கும் ஒரு ஸ்பீக்கரைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். பையன் அலெக்ஸா கட்சி. பெங்களூரிலிருந்து வந்ததும் அதைப் பார்த்து முகம் சுருங்கி, அடுக்களையில் இன்னொன்றை வைத்தான். அன்றிலிருந்து கூடத்து விளக்குகள் மாப்பிள்ளை கட்சி, அடுக்களைப் பக்கம் பையன் கட்சி. என் பேச்சை இந்த வீட்டில் எதுவும் எப்போதும் கேட்டதில்லை என்பதால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நாத்தனார் மகன் சமாதானம் பேச வந்தான். 2022 அக்டோபரிலேயே மேட்டர் என்று ஒரு பொதுமொழி வந்துவிட்டதாம். கூகுள், அலெக்ஸா, ஆப்பிள் மூன்றுக்கும் அது புரியுமாம். அந்த முத்திரை உள்ள பல்பு வாங்கினால் சண்டையே இல்லையாம். அவன் இதைச் சொல்வதற்குள் முத்திரை இல்லாத 14 பல்புகளை வாங்கி மாட்டியாகிவிட்டது. வந்தவன் சும்மாவும் போகவில்லை. ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளை ராஸ்பெர்ரி பையில் போட்டுவிட்டால் இணையம் இல்லாமலேயே வீட்டை நடத்தலாம் என்றான். அது உள்ளங்கை அளவுக் கணினி.

"எந்தப் பையில்? மஞ்சள் பையிலா?" என்றார் அத்தை. மூன்றாவது கட்சி அத்தோடு டெபாசிட் இழந்தது.

இந்தப் பல்புகளைச் சுவர் ஸ்விட்சில் அணைக்கக் கூடாது. அணைத்தால் எவர் பேச்சும் அவற்றுக்குக் கேட்காது. ஆகவே எல்லா ஸ்விட்சுகள் மேலும் செல்லோடேப் ஒட்டிவிட்டுத்தான் பையன் ஊருக்குப் போனான்.

நேற்று அதிகாலை 2 மணிக்குக் கரண்ட் போயிற்று. எங்கள் தெருவுக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. அது நின்றால்தான் விழிப்பு வரும். தெரு முழுக்க விழித்து உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தது. மூன்றரைக்குக் கரண்ட் திரும்பியது. உடனே எங்கள் வீட்டில் 14 பல்புகளும் குப்பென்று எரிந்தன. யாரோ சுவரில் ஸ்விட்சைப் போட்டார்கள் என்று அவை எடுத்துக்கொள்ளுமாம்.

100 யூனிட் இலவசத்தைத் தாண்டிவிடக் கூடாதென்று தீபாவளிக்கே கூடுதலாக ஒரு விளக்குப் போடவிடாதவர் எங்கள் வீட்டுக்காரர். அவர் கூடத்தில் நின்று "ஆஃப்! ஆஃப்!" என்று அலறினார். மோடம் உயிர்பெற்று ஸ்பீக்கருக்கு இணையம் வரச் சில நிமிடங்கள் ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. மெயினை அணைக்க நான் திண்ணைக்கு ஓடினேன். கூந்தலை முடிய நேரமில்லை.

விடியாத வேளையில் வீடு முழுக்க வெளிச்சம், உள்ளே மகனின் அலறல், வாசலில் தலைவிரி கோலமாக மருமகள். வேறென்ன நினைப்பார்கள்? எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார்.

"எப்போது போயிற்று?"

"இரண்டு மணி இருக்கும் அக்கா."

"முன்னால் ஏதாவது தெரிந்ததா?"

"லேசாக இரண்டு முறை துடித்தது. அப்புறம் ஒரேயடியாகப் போய்விட்டது."

"பெங்களூருக்குச் சொன்னாயா?"

"சொல்லி? அவன் வந்தா சரியாகப் போகிறது?"

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கரண்டுக்காக அழுகிற அளவுக்கு அவர் வீட்டில் தறி கிடையாது.

அதற்குள் மூலைவீட்டிலிருந்து தூக்குப்போசியில் காபி வந்துவிட்டது. இழவு வீட்டுக்கென்று வந்த அந்தக் காபியை எழுந்து உட்கார்ந்து குடித்தவர் அத்தைதான். சர்க்கரை போதவில்லை என்றார். பிறகு, யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். நான் விரல்விட்டு எண்ணிப் பதினோரு பேர் சொன்னேன்.

"பின்தெருக்காரி வரவில்லையா? அவள் மாமியார் போனபோது நான் இரண்டு நாள் அங்கேயே கிடந்தேன்."

காலையில் பையன் போன் செய்தான். செயலியில் ஓர் இடத்தில் மாற்றிவிட்டால் கரண்ட் வந்தாலும் பல்புகள் அணைந்தே இருக்கும், இப்போதே மாற்றிவிடுகிறேன் என்றான். அத்தை என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"இரு சாமி, மாற்றாதே. பின்தெருக்காரி ஒருமுறை வந்துவிட்டுப் போகட்டும்."