பி.பி. கஃப்பின் உள்பக்கம்

வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நேற்று இரவுப் பணியில், ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையான பி.பி. கஃப்பைத் திருப்பிப் பார்த்தேன். வெல்க்ரோவில் நூலும் முடியும் சிக்கியிருந்தன. ஓரத்தில் உலர்ந்து பழுப்பேறிய ஒரு பொட்டு. ரத்தமாகத்தான் இருக்க வேண்டும். அதற்குமுன் அதே கஃப்பை ஆறு பேருக்குக் கட்டியிருந்தேன். மனசே கேட்கவில்லை.

அறுவைக் கருவிகளை யாரும் மறப்பதில்லை. கழுவி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைத்து எடுத்த பிறகுதான் அவை வெளியே வரும். தோலை மட்டும் தொடுகிற ஸ்டெதஸ்கோப், கஃப் போன்றவைதான் அப்படியே கை மாறிக்கொண்டே இருக்கின்றன.

துடைப்பதிலும் முறை உண்டு. முதலில் அழுக்கு போக வேண்டும். ரத்தமோ சளியோ ஒட்டியிருந்தால் அதன் அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். அப்புறம்தான் 70 சதவீத ஆல்கஹால். “அக்கா, சுத்த ஆல்கஹால் இன்னும் நல்லதில்லையா?” என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். இல்லை. கிருமியின் புரதம் சிதையத் தண்ணீரும் வேண்டும். தவிர, சுத்த ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிவிடும். துடைத்த ஈரம் தானாக உலரும்வரை பொறுக்க வேண்டும், ஊதக் கூடாது. ஸ்டெதஸ்கோப் தகட்டைச் சுற்றியுள்ள வளையத்தையும் விடாதீர்கள், அழுக்கு சேர்வது அங்கேதான்.

கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்களை, அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் அதன் வடிவத்தை, ஆல்கஹால் கொல்லாது. அந்த நோயாளிக்குத் தனிக் கஃப், தனி ஸ்டெதஸ்கோப். துடைக்கக் குளோரின் கரைசல்.

பழைய கஃப்பை ஒதுக்கிவிட்டேன். கட்டிலுக்கு ஒன்று வேண்டும் என்று காலையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.