கேப்பர் மலைச் சரிவில் ஒரு மழை அருவி

அருவி பார்க்கணும் என்றால் கடலூர்க்காரர்கள் கல்வராயன் மலைக்கோ குற்றாலத்துக்கோதான் வண்டி பேசுவார்கள். நம்ம கேப்பர் மலையிலேயே, ரோட்டை ஒட்டி, ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்து விட்ட கையோடு ஒன்று விழுகிறது. போன வாரம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு அதன் அடிவரைக்கும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன், வந்ததிலிருந்து இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருவந்திபுரத்துச் சரிவுப் பக்கம். வண்டியில் போகிறவர்கள் கண்ணில் படவே படாது, ஏனென்றால் ரோட்டுக்கு அடியில் ஒரு சின்ன மதகு, அதைத் தாண்டினால் முந்திரித் தோப்பு, தோப்புக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் சத்தம் கேட்கும், அப்புறம் சட்டென்று காலுக்கு முன்னால் பள்ளம். இரண்டு ஆள் உயரம்கூட வராது. ஆனால் தண்ணீர் செக்கச்செவேல் என்று கொட்டுகிறது.

விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கவே கூடாது. மேலே இருப்பது ஓட்டை ஓட்டையாகக் கெட்டிப்பட்ட செம்புறாங்கல், அதற்குக் கீழே விரலால் கிள்ளினாலே உதிர்கிற மணல். தண்ணீர் அடி மணலை அரித்துக்கொண்டே போக, மேல் கல் தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், ஒரு மழையில் பெயர்ந்து விழும். இப்படியே அருவி கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டை நோக்கி நகர்ந்து வருகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியதே, அந்த மழைக்கு முன்னால் நான் உட்கார்ந்த இடம் இப்போது இல்லை.

தோப்பில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஆயாதான் வழி காட்டினார். "அந்தாண்ட எறங்காத தம்பி, மண்ணு வழுக்கும். இப்படி வேரப் புடிச்சிக்கிட்டு வா" என்றார். "சரி ஆயா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு, முந்திரி வேர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துப் பார்த்து இறங்கினோம்.

கீழே நின்றால்தான் மலை என்னவென்று தெரிகிறது. சாரல் முகத்தில் அடிக்க, எதிரே வெட்டுச் சுவர் முழுக்கப் பட்டை பட்டையாகச் சிவப்பு மணல், நடுவில் வெள்ளைக் களிமண் ஒரு கோடு, அதற்கு மேலே வழுவழுப்பான கூழாங்கற்கள் ஒரு வரிசை. மலை உச்சிக்குக் கூழாங்கல் எப்படி மாமா வந்தது என்று பையன் கேட்டான். பழங்காலத்தில் ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து போட்டதுடா என்றேன். இந்தப் படிவத்துக்குப் புவியியலில் கடலூர் மணற்கல் என்றே பெயர், திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கிற மரங்களும் இதே படிவத்தில் இருப்பவைதான், சுமார் 2 கோடி வருஷத்துச் சமாச்சாரம். ஒரு கூழாங்கல்லை எடுத்து வெகுநேரம் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

விழுகிற தண்ணீரில் ஒரு பங்கு கெடிலம் ஆற்றுக்கு ஓடுகிறது. இன்னொரு பங்கு அந்த மணலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது, நம் ஊர் போர்வெல்களில் வருவதெல்லாம் இப்படி மணற்கல்லில் இறங்கிச் சேர்ந்த தண்ணீர்தான். அதனால்தான் பக்கத்தில் கிராவலுக்காக மலையை வெட்டி எடுத்த பள்ளத்தைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. லாரி லாரியாகப் போவது வெறும் மண் இல்லை, நாம் குடிக்கிற தண்ணீரைத் தேக்கி வைக்கிற இடம். இதை யாரும் ஏன் பெரிதாகப் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

போக நினைக்கிறவர்கள் மழை விட்ட அன்றைக்கே போங்கள், மறுநாள் பாதியாகிவிடும், அதற்கடுத்த நாள் சொட்டுத்தான். கொட்டும்போதே இறங்கக் கூடாது. மதகு எந்த இடம் என்று இங்கே எழுத மாட்டேன், ஏற்கெனவே அடியில் உடைந்த பாட்டில்கள் கிடந்தன, பொறுக்கி மேலே கொண்டுவந்தோம். தெரிந்தவர்கள் கேட்டால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன், சாக்குப்பை ஒன்று மட்டும் கையில் எடுத்துவாருங்கள்.