பூட்டுப் படத்தை மட்டும் நம்பாதீங்க

பார்சல் கட்டணம் கட்டச் சொல்லி வர்ற லிங்கைத் திறந்தா, இணைய முகவரிக்குப் பக்கத்துல பூட்டுப் படம் இருக்கலாம். தகவல் நடுவழியில யாரும் படிக்க முடியாம போகுதுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். அந்தத் தகவலை வாங்கிக்கிறவன் யாருன்னு அது சொல்லாது. பூட்டு வர்றதுக்குத் தேவையான இணையதளச் சான்றிதழ் திருடனுக்கும் இலவசமாவே கிடைக்கும்!

நிஜமான சோதனை, வங்கி அனுப்புற ஓடிபி (ஒருமுறை கடவு எண்) குறுஞ்செய்தியிலதான். எண்ணை மட்டும் பார்த்து அடிக்காம முழுசா படிங்க. 2 வெள்ளி பார்சல் கட்டணம்னு சொன்ன இடத்துல, வேற நாணயத்துல பெரிய தொகை இருக்கலாம். இல்லைன்னா, உங்க கார்டை மொபைல் வாலட்ல (போனைத் தட்டியே காசு கட்டுற ஆப்) சேர்க்குறதுக்கான ஓடிபியா இருக்கலாம். இது ரொம்ப மோசம்: கொடுத்தா கார்டு திருடனோட போனுக்குள்ள போயிடும். அப்புறம் கடை கடையா போனைத் தட்டி பொருள் வாங்குவான், உங்களுக்கு ஓடிபியே வராது.

கொடுத்துட்டீங்கன்னா முதல்ல வங்கி ஆப்ல கார்டை லாக் பண்ணுங்க, பிறகு வங்கிக்கு போன் அடிங்க. கட்டுறதுக்கு முன்னாடியே சந்தேகம்னா 1799-க்கு போன் அடிங்க, அது சிங்கப்பூரோட மோசடித் தடுப்பு உதவி எண் (ஸ்கேம்ஷீல்டு).