கோழிக் கரு செய்முறை: மணியைப் பார்க்காதீர்கள், சோமைட்டை எண்ணுங்கள்

விலங்கியல் படிக்கிற தம்பி தங்கைகள் வளர்கருவியல் செய்முறைத் தேர்வு என்றதும் 24, 33, 48, 72, 96 என்று, முட்டை சூட்டில் இருந்த மணி நேரத்தைக் குறிக்கும் ஐந்து எண்களையும் அவற்றுக்கான படங்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். இளங்கலையில் நானும் அப்படித்தான் போனேன். முதுகலையில் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்து, முட்டையை நானே இன்குபேட்டரில் வைத்து நானே திறந்து பார்த்தபோதுதான் அந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்தது.

முதலில் முட்டை. கடையில் வாங்கும் வெள்ளை முட்டை இதற்கு ஆகாது. பண்ணைக் கூண்டில் சேவலே இல்லாமல் கோழி இடும் முட்டை அது. எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் கரு வளராது. நான் வடசேரி சந்தையில் நாட்டுக்கோழி முட்டை விற்கும் ஒரு பாட்டியிடம் போனேன். கூடையில் கை வைக்கும் முன்பே, “தின்னவா, அடை வைக்கவா மக்ளே?” என்று கேட்டார். அடை வைக்க என்றதும் அந்தக் கூடையை ஒதுக்கிவிட்டு, “இது சேவல் மிதிச்சது” என்று வேறொரு பாத்திரத்தில் இருந்து பன்னிரண்டு முட்டை எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பன்னிரண்டையும் 38 டிகிரி சூட்டில், கீழ்த்தட்டில் தண்ணீர் ஊற்றி, ஒரே நேரத்தில் வைத்தேன். சரியாக 48 மணி நேரம் கழித்துத் திறந்தால் ஒன்றில் 20 சோமைட் (கருவின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஜோடி ஜோடியாகத் தோன்றும் சிறு திசுக்கட்டிகள்; ஜோடியைத்தான் எண்ணுவோம்), ஒன்றில் 12. ஒன்றில் முதற்கோடு, அதாவது சோமைட்டுக்கெல்லாம் முன்பே தோன்றும் ஒரு கோடு, மட்டும்தான் தெரிந்தது. மூன்று கூமுட்டை. நடுவில் ஒரு ராத்திரி இடியும் மழையுமாக மூன்று மணி நேரம் கரண்ட் வேறு போயிருந்தது. முழுப் பழியையும் அதன் மேல் போட்டேன். ஆனால் கரண்ட் போனால் எல்லா முட்டையும் ஒன்றுபோலத்தானே பின்தங்க வேண்டும்?

உண்மையான காரணம் அதற்கும் முன்னால் இருந்தது. முட்டை கோழியின் உடலுக்குள் ஏறத்தாழ ஒரு நாள் தங்குகிறது. கரு பிளவுபடத் தொடங்குவது அங்கேதான். இட்ட நேரத்திலேயே பிளாஸ்டோடெர்மில், அதாவது மஞ்சள் கருவின் மேல் வட்டமாகப் படர்ந்திருக்கும் இளங்கருவில், பல்லாயிரம் செல்கள் இருக்கும். அதாவது நம் கடிகாரம் பூஜ்யம் காட்டும்போது கருவுக்குப் பூஜ்யம் இல்லை. அதன்பின் நம்மூர் வெயிலில் கூடையில் கிடந்த நாட்கள், அடைக்கோழி சற்று நேரம் மேலே உட்கார்ந்திருந்தால் அந்தச் சூடு, எல்லாம் ஒவ்வொரு முட்டையையும் ஒவ்வொரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

இதனால்தான் வளர்கருவியல் ஆய்வாளர்கள் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் 1951இல் கோழிக் கருவின் 21 நாள் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்தபோது, நிலையை உருவத்தை வைத்தே வரையறுத்தார்கள். தொடக்க நாட்களுக்கு சோமைட் எண்ணிக்கைதான் நல்ல அடையாளம். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி சேரும். 10 ஜோடி என்றால் 10ஆம் நிலை, 33 முதல் 38 மணி நேரம். 16 என்றால் 12ஆம் நிலை, 22 என்றால் 14ஆம் நிலை. எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 10ஆம் நிலையில் தலைப்பக்கத்து முதல் சோமைட் கலையத் தொடங்கும். அதற்குப் பிந்திய நிலைகளில் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது முட்டையைத் திறக்கும் வேலை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முட்டையைப் படுக்க வைத்துத்தான் சூட்டில் வைக்க வேண்டும். மேலே வரும் இடத்தில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். பேனா வேண்டாம், மை உள்ளே இறங்கும். கரு எப்போதும் மேலே மிதந்து வந்து நிற்கும் என்பதால் அந்தக் குறிக்கு நேர் கீழேதான் இருக்கும். உடைக்கும்போது முட்டையைத் திருப்பாமல் அடிப்பக்கத்தைக் கிண்ண விளிம்பில் தட்டி, கிண்ணத்துக்கு ஒட்டினாற்போல் ஓட்டைப் பிரியுங்கள். மஞ்சள் கரு உடையாமல் இறங்கும்.

அடுத்து, மேலே ஒட்டியிருக்கும் கெட்டியான வெள்ளைக்கருவை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. வெள்ளைக்கரு மிச்சமிருந்தால் பேப்பர் ஒட்டாது. நடுவில் ஓட்டை போட்ட ஃபில்டர் பேப்பர் வளையத்தை, கரு ஓட்டைக்கு நடுவில் வரும்படி வையுங்கள். ஐந்தாறு நொடியில் பேப்பர் ஈரம் குடித்துச் சவ்வோடு பிடித்துக்கொள்ளும். வளையத்துக்கு வெளியே சுற்றிலும் கத்தரித்து, ஃபோர்செப்ஸால் ஒரு ஓரத்தைப் பிடித்துச் சாய்வாக இழுங்கள், நேர் மேலே தூக்காதீர்கள். மிதமான சூட்டில் வைத்த ரிங்கர் கரைசலில் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) மெல்ல அலசினால் மஞ்சள் கரு கரைந்து ஓடும்.

நான் எடுத்த நான்காவது கருவில் 13 சோமைட் இருந்தது. விளக்கடியில் வைத்தேன். கண்ணாடிபோல் இருந்த உடலின் வலப்பக்கம் புடைத்திருந்த ஒரு சிறு குழாய் சுருங்கியது, நின்றது, மறுபடி சுருங்கியது. ரத்தத்தில் இன்னும் சிவப்புகூட ஏறவில்லை. அதற்குள் இதயம் துடிக்கிறது. முட்டைகளை நாளுக்கு ஒன்றாகத் திறந்து பார்த்த அரிஸ்டாட்டில், மூன்றாம் நாள் வாக்கில் துடிக்கும் ஒரு ரத்தப் புள்ளியாக இதயத்தைக் கண்டு எழுதியிருக்கிறார். அவர் வெறும் கண்ணால் கண்டதை நம்மால் அதற்கும் முன்பே பார்க்க முடிகிறது. எந்த ஸ்லைடும் இதைக் காட்டாது. அதனால் ஒரு முட்டையாவது உங்கள் கையால் திறந்து பாருங்கள்.

தேர்வுக்கு வருவோம். 33 மணி ஸ்லைடில் இதயம் வலப்பக்கம் புடைத்திருக்கும். இடப்பக்கம் தெரிந்தால் பதறாதீர்கள், வயிற்றுப்பக்கம் மேலே வரும்படி மவுண்ட் செய்திருப்பார்கள். 72 மணிக் கருவில் கை கால் மொட்டுகளையும் அல்லன்டாய்ஸையும் (கருவின் பின்பகுதியிலிருந்து வளரும் பை) தேடுங்கள். அந்தக் கரு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். வைவாவில் முட்டைக்குள் கரு எந்தத் திசையில் இருக்கும் என்று கேட்டால் வான் பேயர் விதியைச் சொல்லுங்கள்: முட்டையின் மழுங்கிய முனையை இடப்பக்கம் வைத்தால் தலை நம்மை விட்டு அப்பால் இருக்கும்.

“ஏன் கோழிக் கரு?” என்ற கேள்வியும் வரும். மலிவு, ஓட்டைத் திறந்து வளர்வதைப் பார்க்கலாம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ரீட்டா லெவி மோன்டால்சினியைப் பற்றிச் சொல்லுங்கள். போர்க்காலத்தில் இத்தாலியில் யூதர் என்பதால் வேலை பறிபோன அவர், வீட்டுப் படுக்கையறையையே ஆய்வகமாக்கிக் கோழிக் கருக்களை ஆராய்ந்தார். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காக 1986இல் நோபல் பரிசு பெற்றார்.

நேரக் கணக்கிலும் ஒரு யோசனை. புதன் காலை 10 மணி வகுப்புக்கு 33 மணிக் கரு வேண்டுமானால், திங்கள் இரவு 11 மணிக்கு முட்டையை வையுங்கள். 35 மணி ஆகியிருக்கும், அது போதும். ரெக்கார்டில் மணியோடு சோமைட் எண்ணிக்கையையும் கட்டாயம் எழுதுங்கள். நான்கு நாளைத் தாண்டி வளர்த்துத் திறக்க எனக்கு மனம் வரவில்லை, தேவையும் இல்லை. மிஞ்சிய முட்டைகளை அன்றே ஃப்ரீசரில் வைத்து வளர்ச்சியை நிறுத்திவிடுங்கள்.

அடுத்த வாரம் பாட்டியிடம் போனபோது, “எத்தன குஞ்சு பொரிச்சு மக்ளே?” என்று கேட்டார். பாடத்துக்காகத் திறந்து பார்த்ததையும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், “ஒரே நாள் இட்டதா வேணும்னு முன்னமே சொல்லியிருக்கலாம்லா” என்றார். இரண்டு நாள் கழித்து எட்டு முட்டை வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் ஒரு கோடு, எல்லாம் சனிக்கிழமை இட்டவை. 48 மணி நேரத்தில் அந்த எட்டில் ஏழு 16க்கும் 19க்கும் இடைப்பட்ட சோமைட் எண்ணிக்கையில் இருந்தன.