படகு வராத இரவில் செபமும் செய்ய வேண்டியதும்

சொன்ன நேரத்துக்குப் படகு கரை சேரவில்லை என்றால், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அந்த வீட்டு வாசலில் முதலில் வந்து உட்காருவது அன்பியத்துப் பெண்கள்தான், அதாவது தெருவாரியாகக் கூடிச் செபிக்கும் பங்குக் குழுவினர். அப்படிப் பல இரவுகள் உட்கார்ந்தவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். அந்த இரவில் கடவுளை நம்புவது மணிக்கு மணி செய்யும் வேலை. செபத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனை மறந்த வீடும் தவித்திருக்கிறது, போனை மட்டும் பிடித்துக்கொண்டு செபத்தை விட்ட வீடும் தவித்திருக்கிறது.

தாமதத்துக்குப் பெரும்பாலும் சின்னக் காரணம்தான் இருக்கும். படகைத் தள்ளும் விசிறியில் வலை சுற்றியிருக்கும், டீசல் தீர்ந்திருக்கும், எஞ்சின் படுத்த இன்னொரு படகைக் கட்டி இழுத்து வருவார்கள், காற்று அடங்கட்டும் என்று ஏதாவது தீவு ஓரம் நங்கூரம் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் தொண்டிப் பக்கம் கரையேறியிருப்பார்கள். வடகிழக்கு வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடலும் (பாக் நீரிணைப் பக்கம்), தென்மேற்குக் கச்சான் காற்று வீசும்போது தென்கடலும் (மன்னார் வளைகுடா) சீறும் என்பதால், எந்தக் கடலுக்குப் போனார்கள் என்பதைக் கேட்டாலே பாதி விஷயம் பிடிபடும். இதைச் சொல்லிக் காட்டுவதும் ஆறுதல்தான்.

அடுத்து ஒரு தாள். படகு எண் (விசைப்படகு என்றால் ‘டிஎன் 10 எம்எம்’ என்று வரும்), எத்தனை பேர், யார் யார், எந்த நேரம் கிளம்பினார்கள், எந்தத் திசை, எத்தனை லிட்டர் டீசல், ஒவ்வொருவர் போன் நம்பரும். இதை அந்த வீட்டம்மாவையே சொல்லச் சொல்லி, பக்கத்தில் இருப்பவர் எழுத வேண்டும். எண்ணிச் சொல்லச் சொல்ல மூச்சு நிதானத்துக்கு வரும். வெளியே பேச ஒரே ஒரு ஆள் போதும். அவர் அழைக்க வேண்டியது: மீனவர் சங்கத் தலைவர், மீன்வளத்துறை அலுவலகம், கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. படகு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்திய விசைப்படகு என்றால் கடைசியாக எங்கே இருந்தது என்று மீன்வளத்துறையில் கேட்கலாம். பக்கத்துப் படகுகள் விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலில் கூப்பிட்டுப் பார்க்கட்டும். ஆத்திரத்தில் தம்பியோ மச்சானோ தனி வள்ளத்தில் இருட்டில் இறங்கக் கூடாது. தேடப் போனால் தகவல் சொல்லிவிட்டு இரண்டு படகாகப் போக வேண்டும்.

வீட்டு போன் மாதா படத்துக்குப் பக்கத்தில், சார்ஜில், சத்தம் முழுதாக வைத்து இருக்கட்டும். அந்த அம்மாவின் கையில் கொடுத்தால் நிமிடத்துக்கு ஒரு தரம் மகனுக்கே அடித்துக்கொண்டிருப்பார், வர வேண்டிய அழைப்பு வராது.

இப்போது செபமாலை. 53 ‘அருள்நிறை மரியே’, நிதானமாகச் சொன்னால் 20 நிமிடம். ஒரு மாலை முடிந்ததும் போன் பேசுகிறவர் வந்து உள்ளதை உள்ளபடி சொல்வார், பிறகு அடுத்த மாலை. இப்படி வைத்தால் ராத்திரி 20 நிமிடத் துண்டுகளாகக் குறைகிறது. விடியும்வரை முழுசாகத் தாங்க எவராலும் முடியாது, 20 நிமிடத்தைத் தாங்கலாம். வார்த்தை வராதவர் மூச்சை இழுக்கும்போது ‘இயேசுவே’, விடும்போது ‘கூட இரும்’ என்றால் போதும். ஓரத்தில் மணியை விரலில் உருட்டிக்கொண்டு சும்மா இருப்பவரை உரக்கச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

‘பயப்படாதே, விசுவாசம் இல்லையா?’ என்று கேட்கிறவர்களை நாங்கள் மெதுவாக வாசலுக்கு அழைத்துப் போய்விடுவோம். மாற்கு 4-ஆம் அதிகாரத்தில், படகின் பின்பக்கம் தலையணையில் தூங்கிய இயேசுவைப் புயலில் சீடர்கள் எழுப்பியதும் அவர் முதலில் காற்றைத்தான் அதட்டுகிறார், ஏன் பயம் என்று அவர்களைக் கேட்பது அதற்குப் பிறகு. காற்று அடங்காத வீட்டில் ஆளை அதட்ட நமக்கு உரிமை இல்லை. ‘உம் சித்தம்’ என்று எடுத்த எடுப்பிலேயே சொல்ல வைப்பதும் வேண்டாம். கெத்சமனியில் ஆண்டவரே ‘இந்தக் கிண்ணத்தை எடுத்துவிடும்’ என்று கேட்டுவிட்டுத்தான் பிதாவின் சித்தத்துக்கு விட்டார். அந்த அம்மாவும் முதலில் கேட்கட்டும். ‘என் பிள்ளையைத் தா’ என்று சண்டை போட்டுக் கேட்கட்டும். சித்தத்துக்கு விடுவது தானாக வரும், சில வீட்டில் மூன்றாம் நாள் வரும், சில வீட்டில் வருடம் கழித்து வரும்.

சறுக்குகிற இடம் நேர்ச்சை. பயத்தில் ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்கு இது, அந்தோனியாருக்கு அது என்று வாய்க்கு வந்ததை எல்லாம் நேர்ந்துவிட்டு, பிறகு வட்டிக்கு வாங்கிச் செலுத்திய குடும்பங்கள் உண்டு. கடன் வாங்காமல் செய்ய முடிந்ததை மட்டும் நேருங்கள். பங்குச் சாமியாரிடம் சொன்னால் மீதியை அவர் ஆலோசித்துச் சொல்வார். கனவு கண்டேன், காசு வைத்தால் இடம் சொல்கிறேன் என்று வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள்.

பிள்ளைகளிடம் ‘ஆண்டவர் அப்பாவைக் கட்டாயம் கொண்டுவருவார்’ என்று சொல்லக் கூடாது. வராமல் போனால் அந்தப் பிள்ளைக்கு அப்பாவோடு ஆண்டவரும் போய்விடுவார். ‘அப்பா வர நேரமாகுது, மாமாமார் தேடுறாங்க, ஆண்டவர் அப்பாகூட இருக்காரு, நம்மகூடவும் இருக்காரு’ என்று சொல்லுங்கள். அவ்வளவும் உண்மை.

ஒரே படகில் ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்தவரும், தேவிபட்டினம் நவபாஷாணத்தைக் கும்பிடுகிறவரும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்தால் செபமாலைக்கு இடையில் ஐந்து நிமிடம் மௌனம் விடுவோம். அவரவர் அவரவர் சாமியைக் கூப்பிடட்டும்.

இலங்கைக் கடற்படை பிடித்தது என்று தெரிந்தால் ஆள் பெரும்பாலும் உயிரோடு இருப்பார். ஆனால் காத்திருப்பு நீளும், நீதிமன்றக் காவல் தவணை தவணையாகப் போகும். அதற்கு ராத்திரிச் செபம் போதாது. அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமை வாராவாரம் ஒன்பது பேர் அந்த வீட்டில் கூடுவது என்று முறை வைக்கிறோம், வருகிறவர் அரிசி பருப்பும் கொண்டுவருவார். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாகச் செய்தி கேட்கும் வேலையைச் சங்கம் பார்க்கும்.

படகு வந்துவிட்டால் எல்லோரும் படகு அணையும் பாலத்துக்கு ஓடாதீர்கள். இரண்டு பேர் போகட்டும், மற்றவர் வெந்நீரும் கஞ்சியும் வைக்கட்டும். அடுத்த முறை அவர் கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் திரும்பும் நேரத்தையும் திசையையும் அவர் கையாலேயே எழுத வையுங்கள். கடல் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டு அவர் ஏறுவார். வீட்டில் இருப்பவர் அந்த நேரத்தைப் பார்த்து முதல் மணியைப் பிடிப்பார்.