கையெழுத்துப் போடாத மேசன்

1787 செப்டம்பர் 17, பிலடெல்பியா. மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிய அமெரிக்க அரசியலமைப்பில் 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவையில் இருந்துகொண்டே மறுத்தவர்கள் மூன்று பேர்.

அவர்களில் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசனை எனக்குப் பிடிக்கும். அதிபர், காங்கிரஸ், நீதிமன்றம் என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றை ஒன்று கண்காணிக்கவும் வைத்தாயிற்று; குடிமக்களின் உரிமைப் பட்டியல் எங்கே? அவருடைய முதல் ஆட்சேபமே இதுதான். அதெல்லாம் தேவையில்லை என்று முதலில் நினைத்த, அரசியலமைப்பை வடித்தவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசனே பிறகு உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. பேச்சுரிமை, மத உரிமை உள்ளிட்ட முதல் பத்துத் திருத்தங்கள் 1791இல் நடைமுறைக்கு வந்தன.

ரொம்பவும் கொண்டாட முடியவில்லை. அடிமை வணிகத்தை அதே அவையில் கடுமையாகச் சாடிய மேசன், தன் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தார். கடைசிவரை.